தங்கராசு சிரிக்காத பாட்டு

செய்தி வந்தபோது ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். "அண்ணாச்சி, மரகதம் போயிட்டா" என்றார் போனில் அவருடைய கணவர் தங்கராசு. வந்த பஸ்ஸில் ஏறினேன். இடமிருந்தும் உட்காரத் தோன்றவில்லை. இன்றுவரை அப்படித்தான். இதைக்கூட நாற்காலிக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து எழுதுகிறேன். சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவிழா மேடைகளில், தானே எழுதிய நகைச்சுவைப் பாட்டுகளை மரகதம் பாடியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பக்கத்தில் ஆர்மோனியத்தோடு குனிந்திருந்தவன் நான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனை அவர்தான் மேடைக்கு இழுத்தார். "நீங்க பயந்துக்கிட்டே வாசிங்க அண்ணாச்சி, அதுக்கே சனம் சிரிக்கும்" என்றார். சிரித்தது.

யாரைக் கேலி செய்து பாட்டுக் கட்டினாலும், முதலில் அந்த ஆளின் வீட்டுக்கே போய்ப் பாடிக் காட்டுவது அவர் வழக்கம். அந்த ஆள் சிரித்தால்தான் மேடை. "அவியளே சிரிக்கலன்னா அது பாட்டில்ல, வசவு" என்பார்.

ஒருமுறை ஒரு மில் முதலாளி முன் உட்கார்ந்தோம். அவர் காலடியில் அவருடைய நாய். மரகதம் எடுத்தார்:

"நாய்க்கு ஏசி காரு, மேனேஜருக்கு மினிபஸ்ஸு;
வாலாட்டுறது யாரு, வாயத் தொறந்து சொல்லு பாஸு!"

என் விரல் வேறு கட்டையில் விழுந்தது. முதலாளியின் முகம் முதலில் கல்லாக இருந்தது. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏ தாயி, இத மேனேஜர்ட்ட பாடிக் காட்டினியா?"

"மொத அடி எடுத்துக் குடுத்ததே அவியதான்!"

நோய் முற்றி மருத்துவமனையிலிருந்து மம்சாபுரம் வீட்டுக்கு மரகதம் திரும்பியதும் சமையல் தங்கராசுவின் கைக்கு வந்தது. தங்கராசு விசைத்தறி மெக்கானிக். "ரசத்துக்கு உப்ப மறந்தாரு, ஆயில் விட மறக்கலையே" என்று மரகதம் பாட்டுக் கட்டினார். ஊர்க் கோயிலின் பங்குனிப் பொங்கல் மேடையில் அதைப் பாடிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கடைசி ஆசை.

வழக்கப்படி கணவர் முன் பாடினார். நான் சிரித்துவிட்டேன். தங்கராசு சிரிக்கவில்லை.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கிய?"

"நல்லால்ல. மாத்திக் கட்டு."

எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் மாற்றிப் பாடினார். அதற்கடுத்த வாரமும். குரல் தேயத் தேய வரிகள் கூர்மையாயின. தங்கராசு அசையவில்லை. பொங்கல் வந்து போனது, பாட்டு மேடை ஏறவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம். சொல்லத் தைரியமில்லை.

நினைவுக் கூட்டத்தில் அந்தப் பாட்டை நான் பாட வேண்டும் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். நேற்று தங்கராசுவிடம் போனேன். தயங்கித் தயங்கி, "அன்னைக்கே ஒரு தடவை சிரிச்சிருக்கலாமே?" என்றேன்.

அவர் அடுப்படியைப் பார்த்தபடி சொன்னார்: "மொதத் தடவையே சிரிப்பு முட்டிட்டு அண்ணாச்சி. அதான் எந்திரிச்சு உள்ள போனேன். நான் சிரிச்சா பாட்டு முடிஞ்சிரும்லா? மாத்திக் கட்டணும்னா எந்திரிச்சு உக்காருவா. கஞ்சி குடிப்பா."

"கூட்டத்துல பாடட்டுமா?"

"வேண்டாம். எனக்கு இன்னும் சிரிப்பு வரல."

ஆகவே பாட மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மரகதத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மெட்டும், அவர் மாற்றி மாற்றிக் கட்டிய அடிகளும்தான். இனி வாராவாரம் மம்சாபுரம் போய், இந்த நடுங்கும் குரலில், தங்கராசு முன் அதைப் பாடப்போகிறேன். அவர் சிரித்துவிடுவாரோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.