சக்கரத்தில் சிக்கிய இழை

ஈரப் பட்டின் வாடை தெருவெங்கும் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, ஆறேமுக்கால் மணிக்குத்தான் எல்லாம் கெட்டது. தொண்ணூறுகளின் நடுவில், ஆரணியில், எனக்குப் பதினாலு வயது. சர்ச்சில் முதன்முதலாகத் திருவிருந்து அப்பமும் ரசமும் வாங்கத் தயார்ப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று சைக்கிளை வேகமாக மிதித்து வந்தேன். எதிர்வீட்டு அம்சாக்காவின் 'பாவு', தறியில் ஏறப்போகும் அரக்கு நிற நீள இழைகள், தெரு நெடுகக் கழிகளில் இழுத்துக் கட்டியிருந்தது. பாவு போட்டிருந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிப்போவதுதான் எங்கள் தெரு வழக்கம். காவலுக்கு யாருமில்லை, டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் இறங்கவில்லை. பெடல் மாட்டிப் படபடவென்று இழைகள் அறுந்தன. திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டேன்.

அன்றைக்கு வகுப்பில், கிருபை என்றால் தகுதியில்லாதவருக்குக் கடவுள் காட்டும் தயவு என்று தடுமாறாமல் ஒப்பித்ததும் நான்தான்.

திரும்பி வரும்போது அம்சாக்காவும் அவர் வீட்டுக்காரரும் குனிந்து இழை இழையாகப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். "நாய் பூந்துட்ச்சிமா, ஒரே பேஜாரு" என்றார் அக்கா. தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபின்தான் பார்த்தேன், பின்சக்கரத்து அச்சில் அரக்கு நூல். பிரித்தெடுக்கக் கை வரவில்லை. மறுநாள் பார்த்தால் நூலைக் காணோம். எங்கேயோ உதிர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டேன்.

தகுதியில்லாமல் திருவிருந்து வாங்கினால் ஆக்கினை, கடவுளின் தண்டனை, வரும் என்பார் அம்மா. அந்தப் பயத்தில் பள்ளி விட்டதும் தினமும் அம்சாக்கா வீட்டுக்குப் போய், தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சிறு குழலில் சுற்றும் 'தார்' வேலை செய்தேன். "இன்னாடி, புதுசா பாசம் பொங்குது?" என்று சிரிப்பார். எத்தனை தார் சுற்றினால் சரியாகும் என்று தெரியாமல், சுற்றச் சுற்றப் பயம்தான் ஏறியது.

திடப்படுத்தல் ஞாயிறன்று வெள்ளை உடையோடு வரிசையிலிருந்து நழுவி, சர்ச்சுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து கெஞ்சியும் எழவில்லை. கடைசியில் வந்தவர், பார்க்க வரச்சொல்லி நாங்கள் அழைத்திருந்த அம்சாக்கா. அவரைக் கண்டதும் உடைந்துபோய், "பாவை அறுத்தது நான்தான்க்கா" என்றேன்.

"தெரியும்டி. அன்னிக்கி சாயந்திரமே உங்கூட்டாண்ட வந்தப்ப சக்கரத்துல நூலு சுத்திகினு இருந்துச்சி. உங்கப்பா பாத்தா தோல உரிப்பாரேன்னு நாந்தான் எடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா என்னை தார் சுத்த வுட்டீங்க?"

"நீயா வந்துகினு இருந்த, பேச்சுத்துணைக்கு ஆச்சேன்னு வுட்டேன். அதுக்கும் பாவு அறுந்ததுக்கும் இன்னா? எழுந்து போ, ஜல்தி. தலையில பூ வாடுது."

அம்சாக்கா இப்போது இல்லை. பாவு போட்ட இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. மூன்று நாட்களாக என் மகள் சொல்லாமலே பாத்திரம் தேய்க்கிறாள். தோற்றுப்போன கணக்குத் தேர்வுத்தாளில் என் கையெழுத்தை அவளே போட்டுப் பைக்குள் ஒளித்திருந்ததை நேற்றுப் பார்த்தேன். கிருபையைப் பற்றி அன்று ஒப்பித்த வரி அப்படியே ஞாபகம் இருக்கிறது, வாயைத் திறந்தால் கோபம்தான் வரும் போலிருக்கிறது. அப்படியே உட்கார்ந்திருக்கையில், பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு அவளே வந்து நின்றாள்.

"அம்மா, வேற ஏதாவது வேலை இருக்கா?" என்றாள்.