நாற்காலி என்று ஒரு வசவு

குழாய் ரிப்பேர் செய்யும் அவருக்குக் கை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. ஸ்பேனர் வழுக்கினால் போதும், "நாயே" என்று தொடங்கி அதன் பரம்பரையையே இழுப்பார்.

"உங்க வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் கூப்பிடுறதில்ல" என்றாள் மனைவி.

"வர்ற வார்த்தைய முழுங்கச் சொல்றியா?"

"முழுங்க வேணாம். பாதியில திருப்பி விடுங்க."

அன்றிலிருந்து "சனியனே" என்று வரவேண்டியது "சனிக்கிழமையே" என்று முடிந்தது. "நாயே" என்பது "நாற்காலி" ஆயிற்று.

ஒரு நாள் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குந்தியிருந்தபோது, பழைய குழாய் உடைந்து முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"நா... நாற்காலி!" என்று கத்தினார்.

வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய் ஒரு குட்டை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "முட்டி வலிக்குதா அண்ணே? முதல்லயே கேட்டிருக்கலாமே!"

வலித்தது உண்மைதான், பல வருஷமாகவே. யாரிடமும் கேட்கத் தோன்றியதில்லை. தண்ணீரை அடைத்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலையை முடித்தார்.

கதையைக் கேட்டு மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். "இனிமே 'நாடகமே'ன்னு திட்டுங்க. அத யாரும் தூக்கிட்டு வரமுடியாது."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார ஏதாவது கேட்டு வாங்கிக்கொண்டுதான் பையைத் திறக்கிறார்.