நிலாவுக்கு முதுகு இல்லையா?

பிசிக்ஸ் பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பரதம் ஆடப் போனவள் நான். இப்போது ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில், வாரம் இரண்டு பீரியட், அறிவியலை ஆடிக் காட்டுகிறேன். ஆடப் போகும் இடத்தில் என்னை டீச்சர் என்பார்கள், பள்ளியில் டான்ஸ் மிஸ் என்பார்கள். நான் யாரென்று எனக்கே பிடிபட்டதில்லை.

போன வருஷம் ஏழாம் வகுப்புக்கு நிலாவை எடுத்தேன். நான் பூமியாக நடுவில் நிற்பேன், ஒரு மாணவி நிலாவாக என்னைச் சுற்றி வருவாள். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளை, ஒருமுறை காட்டினால் போதும், பிடித்துக்கொள்வாள். சபைக்கு முதுகு காட்டக் கூடாது என்பது ஆறு வயதிலேயே என் உடம்பில் ஊறிய பாடம். யோசிக்காமல் அதையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவளும் முகத்தை எந்நேரமும் பெஞ்சுப் பக்கமே வைத்துக்கொண்டு என்னைச் சுற்றினாள்.

பரீட்சையில், பூமியிலிருந்து நிலாவின் எல்லாப் பக்கமும் தெரியும் என்று எழுதிவிட்டாள். சிவப்பு மையில் பெரிய இன்ட்டு. பேப்பரை என் மேசையில் வைத்தாள்.

"நீங்க ஆட வெச்ச மாதிரிதானே மிஸ் எழுதினேன்? உங்களுக்கு என் முதுகும் தெரிஞ்சுது, சைடும் தெரிஞ்சுது. இனிமே நான் ஆட வரல. புக்கே போதும்."

எனக்குச் சுரீரென்றது. நிலா பூமிக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும் என்பது பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாதா? தெரியும். ஆட எழுந்ததும் தெரியாமல் போயிற்று. கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் புரியவில்லை.

இரண்டு நாளில் ஆண்டு விழா, அதே நடனம். அவளை என் பக்கம் திருப்பினால் நிலா சரியாகும், நான் படித்த பரதம் கெடும். திருப்பாவிட்டால் தப்பை மேடையேற்றியவள் ஆவேன். முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும்போது ஒரு முடிவு, காலையில் வரும்போது வேறு முடிவு. கடைசியில் அவளிடமே போனேன்.

"தப்பு என்னுதுடா. ஒரே ஒரு தடவை, என்னையே பார்த்துச் சுத்தி வா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விழாவன்று சலங்கை கட்டி வந்து நின்றாள். ஆடி முடியும்வரை என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இறங்கியதும் அவள் அம்மா போனை நீட்டினார். "என்ன டீச்சர், பாதி நேரம் பிள்ளை முதுகுதான் வீடியோல விழுந்திருக்கு. இதை ஊருக்கு எப்படி அனுப்ப?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அது கரெக்ட்டும்மா. மிஸ்ஸுக்கு மட்டும்தான் முகம் தெரியணும்."

சபையை அவமதித்தேனா, பாடத்தைக் காப்பாற்றினேனா, இன்றுவரை குழப்பம்தான். திங்கட்கிழமை என் பீரியடுக்கு அவள்தான் முதல் ஆளாக வந்து நின்றாள்.