பொய்யாக அழுகிறவர்களின் பள்ளிக்கூடம்

நான் தைக்கிற குடை மழைக்கு ஆகாது. விமானத்திலிருந்து குதிக்கிற ஆளைக் கொஞ்சம் மெதுவாகத் தரைக்குக் கொண்டுவர மட்டும்தான் ஆகும். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் எதிரே நின்றால் எனக்கு வார்த்தை வராது. பிறத்தியார் உயிரைக் கையில் வாங்கி வேலை செய்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காத மாதிரி உலை வைக்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். மருந்து கலக்கிக் கொடுக்கிறவர்கள், ரயிலுக்குக் கொடி காட்டுகிறவர்கள், பிரசவம் பார்க்கிறவர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

மார்க்கு வாங்கிய அழுகை

தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில் எங்கள் பயிற்சிக்கூடம். நடத்துகிறவர் பிரான்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரைக்கும் போய்க் குதித்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரை ஷெஃப் என்றே கூப்பிடுவோம்; பிரெஞ்சில் தலைவர் என்று அர்த்தம். அவரிடம் வருகிறவர்களுக்குக் குதிக்கத் தெரியும்; அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியாது. அந்த மேல்பயிற்சிக்குத்தான் மெட்ராஸ், பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். விமானமெல்லாம் இங்கே கிடையாது. ஒரு மரக் கோபுரம், உத்தரத்தில் தொங்கும், உடம்பில் மாட்டுகிற பட்டைகள், கீழே வைக்கோல் மெத்தை, மூலையில் பார்வதி அக்காவும் நானும் இரண்டு தையல் மிஷினும்.

பாடம் நடக்கிற விதம்தான் விசித்திரம். ஒருவர் வாத்தியார். இன்னொருவர் புதிதாகக் கற்க வந்த பையன் மாதிரி நடிக்க வேண்டும். பயப்பட வேண்டும், சொன்னதைத் தப்பாகச் செய்ய வேண்டும், பட்டையை மாற்றி மாட்ட வேண்டும். வாத்தியார் அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் போன முதல் நாள், கடலூரிலிருந்து வந்த ராஜமாணிக்கம் என்ற மீசைக்காரர் கோபுரத்து உச்சியில் உட்கார்ந்து, "யம்மா, என்னை எறக்கிவுடு" என்று தேம்பித் தேம்பி அழுதார். நான் சொம்பில் தண்ணீரோடு ஏணிக்கு ஓடினேன். ஷெஃப் குறுக்கே கையை நீட்டினார்.

"தண்ணிய வச்சிட்டுப் போ தங்கச்சி. நல்லா அழுவுறான், மார்க்கு போட்டுக்கினு இருக்கேன்."

தைத்தவளே தொங்க வேண்டும்

கூடத்தில் ஒரு வழக்கம். பட்டையை எவள் தைத்தாளோ, அவளே அதை மாட்டிக்கொண்டு உத்தரத்தில் தொங்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆம்பிளைகள் அதைத் தொடுவார்கள். நான் வெட்கத்தில் செத்தேன். வீட்டுக்காரருடைய பட்டாளத்துக் கால்சட்டைக்குள் புடவையைத் திணித்துக்கொண்டு போய் நின்றேன். கிழிந்து கழித்த குடைத்துணியில் கட்டிய தூளியில் கிடந்த என் மகள், அம்மா அந்தரத்தில் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள்.

தொங்கியபோதுதான் ஒன்று தெரிந்தது. தொடையைச் சுற்றி வரும் பட்டை தளர்ந்திருந்தால், மார்புப் பட்டை மெல்ல மேலே ஏறித் தொண்டைக்கு வந்துவிடுகிறது. மூச்சு முட்டியது. கத்தலாம் என்றால் குரலே இல்லை, காற்றுதான் வருகிறது. பார்வதி அக்கா அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, என் காலைத் தூக்கித் தொடைப் பட்டையை ஒரே இழுப்பாக இழுத்து இறுக்கினாள்.

"உன் ஊட்டுக்காரருகூட உன்ன இவ்ளோ இறுக்கிப் புடிச்சிருக்க மாட்டாருடி. கம்முனு தொங்கு."

குளவி

பெங்களூரிலிருந்து வந்த ஒரு குண்டு மனிதர் கோபுரத்தில் பையனாக நடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கன்னத்தில் அறைந்துகொண்டு, "ஐயோ, அப்பா" என்று குதியாய்க் குதித்தார். வாத்தியாராக நின்றவரோ நிதானமாக, "தம்பி, மூச்ச இழுத்து வுடு, கீழ பாக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் ரசித்துப் பார்த்தோம். கீழே இறங்கியபோதுதான் தெரிந்தது, மேலே குளவிக்கூடு. கன்னம் ஆப்பம் மாதிரி உப்பியிருந்தது.

அன்றைக்கே ஷெஃப் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது ஆகிவிட்டால், "நெசம்" என்று கத்த வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் ஓட வேண்டும். நல்ல சட்டம்தான். எல்லோரும் தலையாட்டினோம். எனக்கும் அன்றைக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. குண்டு மனிதர் மட்டும் கன்னத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"குளவிக்கு எத்தினி மார்க்கு சார்?"

தள்ளிவிட்ட கை

எங்கள் வீட்டுக்காரரும் இந்தோசீனாவில் குதித்தவர்தான். அவர் திரும்பி வந்த பிறகு முதலியார்பேட்டையில் குடியிருந்தோம். அவருக்கு வேலை எதுவும் அமையவில்லை. அல்ஜீரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பழைய பட்டாளத்து ஆட்கள் மறுபடி கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு. எங்கள் தெருவிலேயே ஒருவர் போய்விட்டார். அப்போதுதான் ஷெஃப் சொன்னார், மேல்பயிற்சியில் தேறினால் இங்கேயே வாத்தியாராக வைத்துக்கொள்கிறேன் என்று. தேறினால் என்னோடும் பிள்ளையோடும் இருப்பார். தேறாவிட்டால் கப்பல். எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே கிடையாது.

முதல் பரீட்சையில் ஷெஃப்பே பையனாக நடித்தார். கோபுரத்துத் தூணைக் கட்டிக்கொண்டு, "என்னால முடியாது சார், பொண்டாட்டி புள்ள இருக்குது" என்று விடாமல் புலம்பினார். இவர் சொல்லிப் பார்த்தார். திரும்பவும் சொன்னார். பிறகு பட்டாளத்துப் பழக்கம் வந்துவிட்டது, இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிவிட்டார். கயிற்று முனையில் ஆடிக்கொண்டே ஷெஃப் மேலே பார்த்துச் சொன்னார்:

"தள்ளிவுட்டா எவன் வேணா குதிப்பான் அந்தோணி. வாய் இருக்குது இல்ல, கைய எதுக்கு நீட்டுற? இன்னொருதரம் வா."

கை நீளாத பரீட்சை

அதற்குப் பிறகு வீட்டிலேயே பழகினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகளை வாயாலேயே சோறு தின்ன வைக்கப் பார்ப்பார். "கண்ணு, கிண்ணத்துல கைய வையி. ஆங், அப்டித்தான். இப்ப வாய்க்குக் கொண்டா." அவள் சோற்றை எடுத்து அப்பா தலையில் வைப்பாள். அவருக்குக் கோபம் வராது. எனக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாம் பரீட்சைக்கு ராஜமாணிக்கத்தைப் பையனாக நிறுத்தினார் ஷெஃப். அவரை விட்டால் நடிக்க ஆள் கிடையாது. வேண்டுமென்றே இடது தொடைப் பட்டையைத் தளர விட்டு உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். கீழே நிற்கிற வாத்தியார் அதைக் கண்டுபிடித்து, கையால் தொடாமல், சொல்லிச் சொல்லியே அவரைச் சரிசெய்ய வைக்க வேண்டும். பையனுக்குச் சட்டென்று புரிந்துவிடக் கூடாது. அதுதான் அவர் வேலை.

இவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, எடது தொடைப் பட்ட தளந்திருக்கு. முட்டிய மேல தூக்கி அத இழு. பயப்படாத, நான் இங்கதான் நிக்குறேன்." ராஜமாணிக்கம் கேட்கவில்லை. காலை உதைத்தார், தொண்டைக்குக் கையைக் கொண்டுபோனார், கண்ணை உருட்டினார். கூடமே சிரித்தது. குண்டு மனிதர் கைதட்டினார். இவர் குரல் உயரவே இல்லை. திரும்பத் திரும்ப அதே வார்த்தை, அதே பதம். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். நான் மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, அவர் கை மட்டும் நீளக் கூடாது" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நீளவில்லை. மெல்ல மெல்ல ராஜமாணிக்கத்தின் கால் அடங்கியது. "ஆங், அப்டித்தான், அமைதியா இரு" என்றார் இவர். ஷெஃப் எழுந்து வந்து இவர் முதுகில் தட்டினார். ஆளாளுக்கு வந்து கை குலுக்கினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஷெஃப் உத்தரத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"போதும்டா ராஜமாணிக்கம், எறங்கு. அவன் தேறிட்டான்."

கொஞ்சம் பொறுங்க

ராஜமாணிக்கத்தை இறக்கிக் காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் இவர் மடியில்தான் அந்தத் தலை இருந்தது. அங்கே டாக்டர் அதிக நேரம் பார்க்கவில்லை.

தகவல் போய், கடலூரிலிருந்து அவர் மனைவி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். கூடவே இரண்டு பிள்ளைகள். பார்வதி அக்கா என் மகளை வைத்துக்கொண்டு கூடத்திலேயே இருந்துவிட்டதால், அந்தப் பெண்ணுக்குத் துணையாக என்னைத்தான் நிற்க வைத்தார்கள். வார்த்தை வராதவளை. என்ன சொல்லி அவளைத் தொடுவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றேன். அவள் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மீசையில் ஒட்டியிருந்த வைக்கோல் துணுக்கை எடுத்துப் போட்டாள். பிள்ளைகள் இரண்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. நர்ஸ் ஒருத்தி விசும்பினாள். அவர் மனைவி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்க. ஊட்லயும் இப்டித்தான் செத்தாப்ல படுத்துக்கினு புள்ளைங்கள பயங்காட்டுவாரு. கொஞ்சம் பொறுங்க, சிரிச்சிடுவாரு."

கிடைத்த வேலை

போலீஸ் வந்து பார்த்தது. பட்டை நல்ல பட்டைதான், தையலில் குறை இல்லை, இது விபத்து என்று முடிந்தது. நடிக்கிறவர் கையில் இனிமேல், குரல் வராவிட்டால் இழுக்க, ஒரு மணிக்கயிறு இருக்க வேண்டும் என்று ஷெஃப் புதிதாகச் சட்டம் போட்டார். வாத்தியார் வேலையையும் இவருக்கென்று வைத்திருந்தார். இவர் போகவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. மகள் தடுக்கி விழுந்து அழுதால் சட்டென்று எழ மாட்டார். முதலில் என் முகத்தைப் பார்ப்பார், நிஜமா என்று கேட்கிற மாதிரி. நான் தலையாட்டிய பிறகுதான் எழுந்திருப்பார். ஒரு நாள் வெளியே போய்ப் பட்டாளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

கப்பல் ஏறப் போகிறவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு ஷெஃப்பும் வந்திருந்தார். "உன் மேல தப்பில்ல அந்தோணி. நான் சொன்னதத்தான் நீ செஞ்ச" என்றார். இவர் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி நகரப் போகிற நேரம், அத்தனை ஜனங்களுக்கு நடுவில் என் வாய் திறந்துகொண்டது. "தேறித்தான இருக்கீங்க, அப்புறம் ஏன் போறீங்க?" என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மகளின் கன்னத்தைத் தொட்டார்.

"அங்க எவனும் நடிக்க மாட்டான் மரி. அழுதா நெசமாத்தான் அழுவான்."

நான் இப்போதும் அதே மிஷினில்தான் தைக்கிறேன், மகள் பொய்யாக அழுதாலும் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறேன், பிள்ளை கெட்டுப்போகும் என்கிறார்கள், கெட்டுத்தான் போகட்டுமே.