கீழ்த் தட்டில் போட்ட நாற்காலிகள்

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் இரண்டு தட்டாக இருக்கும். மேல் தட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள், உபதேசியார்கள், பேர் வெட்டிய பளிங்குக் கற்கள். கீழ்த் தட்டில் எங்கள் ஆட்கள். கல் கட்ட வகையில்லாத வீட்டார் தலைமாட்டில் ஒரு குரோட்டன்ஸ் கம்பை நட்டு வைப்போம். யார் வீட்டு வேலியில் எந்த நிறமோ, அந்தக் கம்பு. என் மனைவிக்கு நான் நட்டது மஞ்சள் புள்ளி போட்டது. யாராவது கேட்டால், "அவ அந்த மஞ்சப்புள்ளிக்க கீழ உண்டு" என்பார்கள், ஏதோ துணி காயப்போடப் போனவளைச் சொல்வதுபோல. அப்படி ஆட்கள் சொல்வதைக் கேட்கவே நான் அந்த வழியாக நடப்பதுண்டு.

சபை இளைஞர்கள் அங்கே சனிக்கிழமை சாயங்காலங்களில், கல்லறை கல்லறையாகக் கதை சொல்லிக் கூட்டிப்போகும் வரலாற்று நடை தொடங்கினார்கள். ஒரு வாரம் மிஷனரிகள், ஒரு வாரம் வைத்தியர்கள், ஒரு வாரம் வாத்தியார்கள். கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்தெல்லாம் காரில் வந்தார்கள். கதை கேட்க எனக்கும் ஆசை, போனேன். கூட்டிக்கொண்டு போன பெண் வரலாறு படித்தவள். காய்ச்சலில் போன ஒரு துரையின் குழந்தையைப் பற்றி அவள் வந்தவர்களுக்காக மலையாளத்தில் சொன்னபோது என் கண்ணும் கலங்கியது. பொய் சொல்லவில்லை.

"இனி கீழ போயி சாயா குடிக்கலாம்" என்றாள்.

இறங்கினேன். கீழ்த் தட்டு மொட்டையாகக் கிடந்தது. ஒரு செடி இல்லை. மட்டமாக்கிய மண்ணில் நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசையில் சாயா, பழம்பொரி. மழை பெய்த மண், நாற்காலிக் கால்கள் புதைந்து நின்றன.

"செடியெல்லாம் எங்க மோளே?"

"காடு பிடிச்சுக் கெடந்துல்லா அங்கிள். நம்ம பயலுவ வெட்டிச் சுத்தம் பண்ணி விருத்தியாக்கினாவ."

"காடா? எனக்க பெஞ்சாதியாக்கும் இங்க கெடக்கா!"

அவள் முகம் வெளுத்துப்போனது. "எந்த இடத்துல அங்கிள்?"

என்னால் காட்ட முடியவில்லை. எனக்கு அந்தச் செடியைத்தான் தெரியும், மண்ணைத் தெரியாது. பழம்பொரியோடு நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

சபைச் செயலர் ஓடி வந்து தோளில் கை போட்டார். "எலே, கோவப்படாத மக்கா. எல்லாருக்கும் சேத்து ஒரு கல்லு வைப்போம். 'அறியப்படாத விசுவாசிகள்'னு எழுதலாம்."

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "ஆருக்கு அறியப்படல? போன வாரம் வர எங்களுக்குத் தெரிஞ்ச ஆளுவளாக்கும். அறியப்படாம ஆக்கினது நீங்க!"

மறுநாள் வீட்டுச் செடியில் ஒரு கம்பு முறித்துக்கொண்டு போனேன். அங்கே அடுத்த வீட்டு மைனி சிவப்பு இலைக் கம்போடு குனிந்து மண்ணைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பனும் அங்கேதான். நான் நினைத்து வைத்திருந்த அதே இடத்தில் அவள் குழி தோண்டினாள்.

"மைனி, அது அவளுக்க எடம்."

"போவும், எனக்க அப்பன எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்குத் தடவிப் பாக்கீரு?"

"நீரு மட்டும் தெரிஞ்சா வந்தீரு?"

சத்தம் ரோடு வரை கேட்டிருக்கும். சாயா குடித்தவர்கள் நிம்மதியாகப் போய்விட்டார்கள்; செத்தவர்களுக்காக நாங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறோம். அதை நினைத்ததும் எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது, சபைக்காரர்கள்மேல் இருந்தது இரண்டு மடங்கானது. அவளும் கம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். இரண்டு பேரும் ஒன்றும் நடாமலே வந்துவிட்டோம். ஆள் மாறிப்போனால் அதைவிடப் பாவம் உண்டா?

நடைக்குக் கூட்டிப்போன அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு, அடுத்த நடைக்கு 'மறக்கப்பட்டவர்கள்' என்று தலைப்பு வைத்திருப்பதாகவும், நான் வந்து மனைவியைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் சொன்னாள்.

"நான் மறக்கல மோளே" என்றேன். "பேச வாறேன். ஆனா மேல் தட்டுல நின்னுதான் பேசுவேன். ஒருத்தரும் கீழ எறங்கப்பிடாது. இனி அங்க எங்க கால வச்சாலும் அது அவளுக்க மேலயாக்கும்."