தெரு என்று ஒரே ஒரு கட்டம்

மார்ச் 4 — 2
மார்ச் 7 — 5
மார்ச் 11 — 4
மார்ச் 14 — 6
மார்ச் 18 — 4
மார்ச் 21 — 3
மொத்தம் — 24

இவை மஞ்சள் காமாலையோடு எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. பதிவேட்டில் எழுதியவன் நான். இருபத்துநான்கு பேரும் சரிவுத் தெருக்காரர்கள். இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு, மார்ச் 24ஆம் தேதி சுகாதார அதிகாரி அந்தத் தெருவின் பொதுக் குழாயை மூடிப் பூட்டுப் போட்டார். முப்பத்தேழு வீடுகளுக்கும் அது ஒன்றுதான் குழாய். "கை கழுவத் தெரியாத ஜனங்களுக்குக் குழாய் ஒரு கேடா?" என்று அவர் சொன்னதை அங்கே நின்ற பதினொரு பேர் கேட்டோம்.

அந்தப் பூட்டைத் திறக்க வைத்தவரை எங்கள் நிலையத்தில் கட்டக்கா என்போம். வயது நாற்பத்துநான்கு. காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுவது வேலை. பதினேழு ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். ஆண்டுதோறும் மே 15 அன்று ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். கணவர் லாரி மெக்கானிக். வீடு சரிவுத் தெருவில் இல்லை. அதனால் குழாய் மூடியதில் அவருக்கு ஒரு குடம்கூட நஷ்டமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த லாபத்துக்காகச் செய்தார் என்று பின்னால் பேசினார்கள்.

பிப்ரவரியில் அதிகாரியே எல்லா ஊழியர்களின் போனுக்கும் ஒரு செய்தி அனுப்பினார். நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் முறைகளைப் பற்றி ஆறு வாரப் பாடம், இலவசம், ஆன்லைனில், எல்லோரும் கட்டாயம் சேர வேண்டும், சேர்ந்ததற்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அறுபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள், அறுபத்திரண்டு படங்கள் போயின. மேலிடத்துக்கு அறிக்கையும் போயிற்று. அதற்குப் பிறகு பாடத்தைத் திறந்து பார்த்தவர் ஒருவர்தான்.

மதிய இடைவேளையில், கருவிகளைக் கொதிக்க வைக்கும் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி விரிசல் விட்ட போனில் கேட்பார். பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். முதல் தேர்வில் ஐம்பத்தெட்டு. தேற எழுபது வேண்டும்.

"என்னக்கா, கலெக்டர் ஆகப் போறீங்களா?" என்று மாத்திரை கொடுப்பவர் கேட்டார்.

"ஆயிட்டா உனக்குத்தான் முதல் மெமோ தம்பி. பயப்படாம இரு."

கணவர் வேறு விதம். "ஊருக்கே கட்டுப் போட்டே. இப்போ கணக்குப் போடக் கிளம்பிட்டே. எனக்கு எப்போதான் சோறு போடுவே?" என்பார். சொல்லிவிட்டு அவரே தட்டை எடுத்து வைத்துச் சாப்பிடுவார். மறுபடி எழுதிய தேர்வில் எண்பத்தொன்று.

குழாயைப் பூட்டிய மறுநாள் கட்டக்கா என் மேசைக்கு வந்து பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதுல பேரு இருக்கு, வயசு இருக்கு, தெரு இருக்கு. இவங்க எங்க வேலை செய்யறாங்கன்னு எங்க இருக்கு?"

"அந்தக் கட்டமே கிடையாதும்மா."

"தெருவை மட்டும் கேட்டா தெருதானே பதிலா வரும்?"

முப்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பதிவேட்டை எழுதி ஓய்வு பெற்றவன் நான். வேறு ஆள் போடாததால் செவ்வாயும் வெள்ளியும் இப்போதும் போய் எழுதுகிறேன். கட்டங்களைக் கோடு போட்டு வகுத்ததும் நான்தான். ஓர் எழுத்துப் பிழை இருக்காது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை. அந்தத் தெருக்காரர்கள் அழுக்கர்கள் என்று அதிகாரி பேசுவதற்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்தவை என் கோடுகள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது.

அன்று மாலையே கட்டக்கா சரிவுத் தெருவுக்குப் போனார். பதின்மூன்று நாள், வேலை முடிந்த பிறகு. நோய் வந்த இருபத்துநான்கு பேரோடு, ஒருவருக்கு இரண்டு பேராக, அதே தெருவில் அதே வயதில் நோய் வராத நாற்பத்தெட்டு பேரையும் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வரலைன்னு உனக்கு வருத்தமா?" என்று ஒரு பெண் கதவை மறித்தார்.

"வராதவங்களை விட்டுட்டு வந்தவங்களை மட்டும் கேட்டா பாதிக் கணக்குதான் அக்கா. ரெண்டு தட்டும் இருந்தாத்தானே தராசு?"

எல்லோரிடமும் அதே பதினான்கு கேள்விகள், அதே வரிசையில். தன் சந்தேகம் எதன் மேல் என்பதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. "சொல்லிட்டுக் கேட்டா, என் சந்தேகத்தையே எனக்குப் பதிலாத் திருப்பிக் கொடுப்பாங்க ஐயா" என்றார்.

குழாய்த் தண்ணீர் குடித்தவர்கள்: நோயாளிகளில் இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு, மற்றவர்களில் நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. எல்லோரும் குடித்த தண்ணீர் ஆள் பார்த்தா நோய் கொடுக்கும்?

தெருமுனையில் ஒரு தையல் கொட்டகை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள்: நோயாளிகளில் இருபத்தொருவர், மற்றவர்களில் ஒன்பது பேர். கொட்டகையில் தரைக்கடியில் ஒரு தொட்டி. அதிலிருந்து குடிதண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்குக் குழாய். மீதி மூன்று நோயாளிகளில் இரண்டு பேர், கொட்டகையில் வேலை செய்யும் தங்கள் வீட்டு ஆள் பாட்டிலில் கொண்டுவந்த ஜில் தண்ணீரைக் குடித்தவர்கள். கடைசி ஒருவருக்கு எந்தத் தொடர்பும் அகப்படவில்லை. நான்கு முறை போய்க் கேட்டும் இல்லை. கட்டக்கா ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதி, அடியில் 'தெரியவில்லை — 1' என்றும் எழுதினார்.

"அந்த ஒரு வரி எதுக்கும்மா? விட்டுடேன்" என்றேன்.

"விட்டா மத்த இருபத்து மூணையும் யாரு நம்புவாங்க?"

ஏப்ரல் 8 அன்று தாளை அதிகாரியிடம் கொடுத்தார். நானும் கூட நின்றேன். அவர் மேலிருந்து படிக்கவில்லை. நேரே அந்த அடி வரிக்குப் போனார்.

"ஒரு ஆளுக்குக் காரணம் தெரியல. மத்தவங்களுக்கு மட்டும் தெரிஞ்சு கிழிச்சுட்டியா?"

"தொட்டித் தண்ணிய ஒரு தடவை பரிசோதனைக்கு எடுங்க சார். என் கணக்கு தப்புன்னா தப்புன்னு தெரிஞ்சுடும்."

"நீ கட்டுக் கட்டுற ஆளு. வீடு வீடாப் போயி விசாரிக்க உனக்கு யாரு அனுமதி கொடுத்தது?"

"நீங்கதானே சார் படிக்கச் சொன்னீங்க?"

"சேரச் சொன்னேன்" என்றார் அதிகாரி.

மறுநாள், ஏப்ரல் 9, மெமோ வந்தது: அனுமதியின்றி விசாரணை நடத்தியது, பதிவேட்டில் இல்லாத தகவல்களைத் திரட்டியது. பதிவேட்டில் இல்லாததைத் திரட்டுவது குற்றமாம்! பதிவேட்டில் இல்லை என்பதுதானே குற்றம்?

கட்டக்காவின் கையெழுத்துத் தாளைப் பிரதி எடுத்தேன். முப்பத்தேழு வீட்டுக்காரர்களும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். ஏப்ரல் 11 அன்று தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். "உங்களுக்கு ஏன் ஐயா வம்பு?" என்றார் கட்டக்கா. எனக்கு என்ன வம்பு, என்னை வேலையை விட்டு எடுக்க நான் வேலையிலேயே இல்லையே. ஏப்ரல் 15 அன்று, யாரையும் கேட்காமல், ஸ்கேல் வைத்து, 'தெரு'வுக்குப் பக்கத்தில் 'வேலை செய்யும் இடம்' என்று ஒரு கட்டமும் போட்டேன்.

ஏப்ரல் 21 அன்று தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்து தொட்டித் தண்ணீரை எடுத்துப் போனார்கள். ஏப்ரல் 25 அன்று தொட்டிக்கு முத்திரை வைத்தார்கள். கொட்டகையின் கழிப்பறைக் குழாய் தொட்டிச் சுவரை ஒட்டி விரிசல் விட்டிருந்தது. ஏப்ரல் 28 அன்று பூட்டு திறந்தது. முப்பத்தைந்து நாள் அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தவர்களிடம், தவறு உங்களுடையது அல்ல என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

மே 9 அன்று அச்சிட்ட அறிக்கை வந்தது. 'சுகாதார அதிகாரியின் தலைமையில் நடந்த ஆய்வு' என்று தலைப்பு. நான்காம் பக்கத்தில் அட்டவணை: இருபத்துநான்கில் இருபத்தொன்று, நாற்பத்தெட்டில் ஒன்பது, பாட்டில் தண்ணீர் இரண்டு. அடியில், 'தெரியவில்லை — 1'. அதைக்கூட விடவில்லை!

கட்டக்கா நிதானமாகப் படித்தார். "எண்ணெல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார். பிறகு, "அந்த ஒருத்தரை இன்னொரு தடவை போயிப் பாக்கணும் ஐயா. மார்ச்சுக்கு முன்னாடி கொட்டகைப் பக்கம் கூலி வேலை ஏதாவது செஞ்சாரான்னு நான் கேக்கவே இல்ல."

கட்டக்காவுக்கு வந்த கடைசிக் கடிதம் இரண்டே வரி. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை, மே 15 முதல் வர வேண்டியதில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு இரண்டு வரி. காரணம் எழுதவில்லை. ஆனால் வலது மேல் ஓரத்தில் தேதி போட்டிருந்தார்கள். தேதி பார்ப்பது என் தொழில். கடிதம் எழுதப்பட்ட நாள்: ஏப்ரல் 9. வந்து சேர்ந்த நாள்: மே 14.