மீன் தின்ற கீரை

கொட்டிவாக்கத்திலிருந்து கூடையைத் தலையில் சுமந்து, அடையாற்றுப் பாலம் தாண்டி, மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு ஒரு கீரைக்காரி நாள் தவறாமல் வருவாள். அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான். படித்துவிட்டுப் போட்டேன் என்பது கூடுதல் சிறப்பு.

அப்போது நான் நாலாம் பாரம். செத்தவை மக்கி மண்ணாகின்றன, மண்ணிலிருந்து செடி நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது, செடியை நாம் தின்கிறோம் என்று அம்புக்குறிகளோடு வட்டம் வரைந்து வாத்தியாரிடம் பாராட்டு வாங்கியிருந்தேன். அந்த மிதப்பில், மறுநாள் காலை வாசலில் கூடையை இறக்கியவளிடம் கீரைக்கு என்ன உரம் என்று விசாரித்தேன். படிக்கிற பிள்ளை தன் தொழிலைப் பற்றிக் கேட்டதில் அவளுக்குப் பெருமை.

“எங்க வூட்டுக்காரரு வலையில வர்ற பொடிமீனு கீதே நைனா, விக்காம பூடுச்சின்னா மண்ணுல பொதைச்சிருவேன். அப்பாலே பாரு, கீரை தளதளன்னு வரும்!”

பகல் சாப்பாட்டில், இலையில் கீரை மசியல் விழுந்ததும், நான் கண்டுபிடித்ததை அறிவித்தேன்.

“ஐயையோ! இத்தனை நாளா மீனையா தின்னுண்டிருந்தோம்?” என்று அம்மா கரண்டியைப் போட்டாள்.

“அதான் அத்தனை ருசியா இருந்துதா!” என்ற அத்தை, சொன்னதற்குப் பிராயச்சித்தமாக உடனே எழுந்து போய்த் தலை முழுகினாள்.

பிற்காலத்தில் நான் எத்தனையோ விசாரணைக் கோப்புகளைப் பார்த்தவன். எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கேட்காமல் ஆணை பிறப்பிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் விளக்கம் கேட்கப்படவில்லை. அவளிடம் கீரை வாங்கக் கூடாது என்ற ஆணை மட்டும் சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் வீடு வீடாகச் சார்வு செய்யப்பட்டது. நாங்கள் குளித்த தண்ணீரைக் குடித்தே கொல்லையில் வாழை வளர்ந்தது. அந்த இலையில்தான் சாப்பிட்டோம். அதன்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை.

மறுநாள் ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. நிறைந்த கூடையோடு அவள் எங்கள் வாசலில் நின்றாள்.

“இன்னா நைனா, நான் எதுனா தப்பா சொல்ட்டனா?”

தப்பே இல்லை என்றேன். மக்கிய மீன் மீனே அல்ல, வெறும் மண், அதில் தோஷம் ஏது என்று வட்டம் முழுவதையும் அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“இத்தெ அப்பிடியே உங்க அம்மாவாண்ட சொல்லு நைனா. நீ சொன்னா கேப்பாங்க.”

அம்மா கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். மீனுக்காகப் பரிந்து பேசினால் எனக்கும் தலைமுழுக்கு உண்டு என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அவள் நாளைக்கும் வருவாள் என்றே நினைத்தேன். வாங்க ஆளில்லாத தெருவுக்கு, அத்தனை தூரம் கூடையைச் சுமந்து ஒருத்தி எதற்காக வருவாள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.